கரைப் பக்கம் உட்கார்ந்தவன்

எனக்குச் சந்தேகப் புத்தி. பிறவிக் குணம் என்று நினைக்கிறேன். பால்காரம்மா ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டு ஓடவிட்டுப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் யாராவது சட்டென்று சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். "இது பொண்ணா பொறந்த போலீஸு" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட நான், எழுபதுகளின் நடுவில் ஒன்றரை வருடம் போல, தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, கொடியில் கிடக்கும் என் தம்பியின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பது.

சாராயக் கடைகளை மூடியிருந்த சமயம் அது. கடையை மூடினால் குடி நின்றுவிடுமா என்ன? வார்னிஷ் குடித்தான், இருமல் மருந்தைப் பாட்டிலோடு கவிழ்த்தான் என்று நாளுக்கொரு கதை வரும். மீசை அரும்பிய பையன் இருக்கிற வீட்டிலெல்லாம் பெற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் இருந்தது முள்ளிப்பட்டில். நான் டீச்சர் டிரெயினிங் முடித்த வருடமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய குழித்தறியில், எஸ்.எஸ்.எல்.சி. தவறிய தம்பி இறங்கி உட்கார்ந்தான். அவனுக்குப் பதினேழு வயது. அம்மா தார் சுற்றிக் கொடுப்பாள்; அதாவது, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் பட்டு நூலைச் சுற்றுவாள். எனக்குக் களம்பூரில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவேன். பகலில் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாதது என்று ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தெருவில் எங்களைப் போல நாலைந்து வீடு, மற்றதெல்லாம் இந்து நெசவாளிகள். வேதம்தான் வேறு, முதலாளி எல்லோருக்கும் ஒருவர்தான். ஆரணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலையும், தாருக்குப் பட்டையும் எடை போட்டுக் கொடுப்பார், நெய்து முடித்த சேலையை எடை போட்டு வாங்கிக்கொண்டு போவார். பாவு கொண்டுவரும் நாளில் கூடவே வாழைச்சருகில் மடித்துத் 'தறி மருந்து' கொடுப்பார். தறியில் வேலை செய்கிற ஆளுக்கு ஆள் ஒரு லேகிய உருண்டை; மாடத்தில் வைத்துத் தினம் ஒரு கிள்ளு தின்பார்கள். மிதித்து மிதித்து மரத்துப்போகிற காலுக்கும், குனிந்து பிடித்துக்கொள்கிற இடுப்புக்கும் நல்லது என்று அவருடைய அப்பா காலத்திலிருந்தே வழக்கம். சுக்கும் கருப்பட்டியும் நெய்யும் மணக்கும். எங்கள் அப்பாவும் தின்றவர்தான். நான் தறி வேலை செய்யாதவள், எனக்குக் கிடையாது.

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்யும் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடல் நாடாவை ஓட்டுவார், மற்றவர் கரைப் பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். தம்பிக்குத் துணையாகக் கரைப் பக்கம் உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சிலோன் குடும்பம் எங்கள் தெருவுக்கு வந்தது.

அப்பா, அம்மா, தம்பியைவிட ஒரு வயது மூத்த ஒரு மகன். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களை, நீங்கள் இந்தியாக்காரர்கள், கிளம்புங்கள் என்று கப்பலேற்றிவிட்டார்கள். இங்கே வந்தால் சிலோன்காரர்கள் என்றார்கள். முதலாளி தன்னுடைய பழைய நூல் கிடங்கை அவர்களுக்குக் குடியிருக்கக் கொடுத்தார். பையனை எங்கள் வீட்டுத் தறிக்கு அனுப்பினார்.

தெருவுக்கு அவர்களைப் பற்றி ஒன்றுமே பிடிக்கவில்லை. பால் விடாத டீயைச் 'சாயம்' என்று சொல்லிக் குடிக்கிறார்கள், மகன் தாயை 'அம்மா வாங்க போங்க' என்கிறான், எதைக் கேட்டாலும் 'சரிங்க' என்கிறான், எப்படி நம்புவது என்றார்கள். அம்மா அவனுக்கென்று ஒரு அலுமினிய டம்ளரைத் தனியாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்பு பற்றிய பிரசங்கத்துக்கு எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்கிறவள் அவள். நான் டம்ளரைக் காட்டி ஏதோ கேட்டதற்கு, "உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றாள். உண்மையில் எனக்கும் அவன்மேல் நம்பிக்கை இல்லை. நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான்.

அவன் வந்து மூன்று நான்கு மாதத்தில் தம்பி மாறிப்போனான். கண் சிவந்திருந்தது. சுவரைப் பார்த்துச் சிரித்தான். ராத்திரிக்கென்று வைத்த சோற்றைச் சாயங்காலமே வழித்துத் தின்றான். பேச்சில் ஒரு இழுப்பு. நெசவு போயே போய்விட்டது. இழையை நெருக்கும் பலகையை ஓர் இடத்தில் ஓங்கி அடித்திருந்தான், ஓர் இடத்தில் தொட்டும் தொடாமலும் விட்டிருந்தான். கரையும் உடலும் சேருகிற கோர்வையில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தது.

நான் தினமும் சட்டையை முகர்ந்தேன். வார்னிஷ் வாடை இல்லை. எப்போதாவது ஒரு புகை வாடை வரும். அது எனக்குத் தெரிந்த வாடைதான். களம்பூரில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், அரிசி மில்லுக்கு மூட்டை ஏற்ற வரும் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த நிழலில் கிளீனர் பையன்கள் கூடி உட்கார்ந்து இழுக்கும் கஞ்சாப் புகை. பச்சைத் தழையை வாட்டியது போல ஒரு காட்டம். அதை மூக்கில் வாங்கிய சாயங்காலம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொடியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா இல்லாத வீடு, இருப்பது ஒரே பிள்ளை. இவனும் கெட்டுப்போனால் நாங்கள் இரண்டு பெண்களும் என்ன செய்வோம்?

தெருவுக்கு யோசிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. "அந்த சிலோன்காரப் பையன் வந்தப்பறம்தான இப்படி? கப்பல்ல இன்னாத்த கொண்ணாந்தானோ" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கோர்வை விட்டதும் அவனால்தான் என்றார்கள், கரைப் பக்கம் உட்கார்ந்தவன் அவன்தானே என்று. உடலில் அடி சரியாக விழாவிட்டால் கரைக்காரன் என்ன செய்தாலும் கோர்வை விடத்தான் செய்யும். அது தெருவில் இருந்த ஒவ்வொரு நெசவாளிக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். தன் வீட்டுப் பையனையும் இப்படியே மன்னித்துக்கொள்ளலாம் என்பதால் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. ஏனென்றால் சிவந்த கண் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

அப்புறம் எடை குறைந்தது. முதலாளி சேலையைத் தராசில் வைத்தார், மிச்ச நூலை வைத்தார், தலையை ஆட்டினார். நூல் சுற்றிய தார்கள் சில காணாமல் போயிருந்தன. தெரு எங்கள் வாசலில் கூடிவிட்டது. அம்மா நெஞ்சில் கை வைத்து, "என் புள்ள கர்த்தருக்குப் பயந்தவன்" என்றாள். எல்லோரும் திரும்பிச் சிலோன் பையனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"வந்த எடத்துல வாலச் சுருட்டிகினு இருக்க வாணாமா?" என்றார் முதலாளி. "இந்தப் பாவு முடியட்டும். அடுத்ததுலயும் கொறஞ்சா, கெடங்க காலி பண்ணிகினு கெளம்புங்க."

அவனுடைய அம்மா அதுவரை எங்கள் தெருவில் குரலுயர்த்திப் பேசியதில்லை. கிடங்கு வாசலில் நின்றபடி, "அங்க எங்கள கள்ளத்தோணின்னாங்க. இங்க வெறுங் கள்ளன்னே ஆக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அப்போதும் நான் அந்தப் பையன் முகத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது ஒரு பொய் தெரிகிறதா என்று.

அதற்கடுத்த பாவு வந்த மறுநாளே, தாயகம் திரும்பியவர்களுக்கான கடன் விஷயமாக அப்பாவும் மகனும் வேலூருக்குப் போனார்கள். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று ஆபீஸில் இழுத்தடித்ததில் இரண்டு வாரம் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரே நிறச் சேலைதான், ஓர் ஆளே போதும் என்று தம்பி தனியாக நெய்தான். முதலில் சில நாள் அதே சிவந்த கண், அதே சிரிப்பு. பிறகு ஆள் மாறினான். வேர்த்து வழிந்தான், சோற்றைத் தள்ளினான், நாடாவைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அம்மாவை வாடி போடி என்று பேசினான். அவள் அழுதாள். தெரு கை தட்டாத குறைதான். "பாத்தீங்களா? குடுக்கறவன் ஊர்ல இல்ல, இவனால இருக்க முடியல" என்றார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு நாள் முழுக்க. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மூளையில் ஏதோ குறுகுறுத்தது. கொடுக்கிறவன் வேலூரில் இருந்தால், முதல் சில நாள் சிவந்த கண் எங்கிருந்து வந்தது? சேர்த்து வைத்திருந்தான் என்றால் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது? அவன் எப்போதும் பாவு வந்த சமயத்தில்தான் அதிகமாகச் சிரிக்கிறான் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த பாவு வருகிற நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

அதற்குள் சிலோன் பையன் திரும்பி வந்திருந்தான். நான் அடுப்படியில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைப் பரப்பிக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாகத் தறியைப் பார்த்தபடி இருந்தேன். முதலாளி வந்தார். பாவை இறக்கினார். சருகுப் பொட்டலத்தைப் பிரித்து ஓர் உருண்டையைத் தம்பியிடம் கொடுத்தார், ஒன்றைச் சிலோன் பையனிடம் கொடுத்தார், மூன்றாவதை அம்மாவிடம் நீட்டினார். பையன் இரண்டு கையாலும் வாங்கி, "சரிங்க மொதலாளி" என்றான். அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அம்மா கொல்லைப்பக்கம் போனதும், பையன் இடுப்பு மடிப்பிலிருந்து தன் உருண்டையை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தான். தம்பி இரண்டையும் சேர்த்து ஒரு கடி கடித்தான். நான் அடுப்படியிலிருந்து எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை, பரீட்சைத் தாளெல்லாம் பறந்தது.

"இன்னாடா குடுத்த அவனுக்கு?"

அவன் ஓர் அடி பின்வாங்கினான். "ஒங்க மொதலாளி குடுத்ததுதாங்க அக்கா. தம்பி கேட்டாரு, குடுத்தேன். வந்த நாள்லேர்ந்து அவருக்குத்தான் குடுக்கிறேன்."

"நீ ஏன் துன்றதில்ல?"

முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். "ராமேஸ்வரத்திலேர்ந்து ரயில்ல வந்தோமுங்க. ஒருத்தர் அன்பா பேசி பலகாரம் குடுத்தாரு. தின்னுட்டுத் தூங்கிட்டோம். முழிச்சுப் பாத்தா எங்க பெட்டி இல்ல, அவரும் இல்ல. அப்பவே அப்பா சொல்லிட்டாரு, இந்தியாவுல யாரு என்ன குடுத்தாலும் மரியாதையா வாங்கிக்க, வாயில மட்டும் வைக்காதேன்னு. வேணாம்னு சொன்னா மொதலாளி கோவிச்சுக்குவாரு, வீட்ட விட்டுப் போகச் சொல்லுவாரு. அதாங்க."

தம்பி கையிலிருந்ததைப் பிடுங்கி இரண்டாகப் பிளந்தேன். வெளியே சுக்கும் கருப்பட்டியும் மணந்தன. உள்ளே முகர்ந்தால் களம்பூர் லாரி நிழல். அதே காட்டம். எத்தனை வருடமாக இது எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது! நான் சட்டையை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா கொல்லையிலிருந்து வந்தாள். "இன்னாடி, மருந்தப் போயி பிச்சிகினு கீற?" என்றாள். நான் பிளந்த உருண்டையோடு தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்த முதலாளியை வழிமறித்தேன்.

"இதுல இன்னா போடறீங்க மொதலாளி?"

"சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, நெய்யி."

"அப்பறம்?"

"அப்பறம் கொஞ்சம் எல" என்றார், காலையில் என்ன டிபன் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "இதுக்குப் போயி ஏன் பேஜார் பண்றீங்க டீச்சரம்மா? முகூர்த்த சீசன்ல ஒக்காந்த எடத்த விட்டு ஏந்திரிக்காம மிதிச்சாத்தான் ஜல்தியா சீல எறங்கும். மாட்டுக்கே பருத்திக்கொட்ட வெக்கறோம். உங்கப்பாரு கடேசி வரைக்கும் தின்னவருதான், கெட்டா பூட்டாரு?"

"கஞ்சா" என்று நான் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சில தலைகள் எட்டிப் பார்த்தன. எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள். யாரும் திடுக்கிடவில்லை. கூப்பாடு போட்டு முதலாளியோடு சண்டைக்கு வரமாட்டார்களா என்று நான் நின்றேன். என் கோபத்துக்குத் துணையாக ஒரு ஆள் வரவில்லை.

பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "தார எடுத்தது நாந்தான். உருண்ட பத்தல. களம்பூர்ல கிளீனர் கைல நூலக் குடுத்து எல வாங்கினேன். அவன் எடுக்கல." சொல்லிவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதான். பதினேழு வயதுப் பையன், மூக்கு ஒழுக அழுதான். அன்றைக்கு அவனைப் பார்த்து வந்த பரிதாபம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். சிலோன் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லவில்லை. சீசனில் தறிக்கு ஆள் கிடைக்காது. தெருவும் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. "ஆனாலும் எடுத்துக் குடுத்தது அவன் கைதானே?" என்றது.

அடுத்த பாவு வந்த நாளில் மறுபடி லீவு போட்டேன். முதலாளி எதுவுமே நடக்காதது போல மூன்று உருண்டைகளைத் தறிப் பலகைமேல் வைத்தார். சிலோன் பையன் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு வேணாங்க மொதலாளி" என்றான். எங்கள் தெருவில் அவன் சொன்ன முதல் வேணாம் அது. தம்பி உருண்டையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், எச்சிலை விழுங்கினான். "எனக்கும் வாணாம்" என்றான்.

அம்மாவின் கை மெதுவாக வந்து மூன்றாவது உருண்டையை எடுத்தது. என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு முதுகு வலிடி" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நரகம். தம்பி வேர்த்தான், வாந்தி எடுத்தான், களம்பூருக்கு ஓடிவிடுவேன் என்று மிரட்டினான். கரைப் பக்கம் உட்கார்ந்தவன் இடத்தை விட்டு எழவே மாட்டான். "ஓட்டுங்க தம்பி, நான் தள்ளுறேன்" என்று ஒவ்வோர் இழைக்கும் சொல்லிச் சொல்லி அவனைத் தறியிலேயே கட்டிப்போட்டான். தாகம் தாகம் என்று அரற்றும்போது கிடங்கிலிருந்து அவனுடைய அம்மா சாயம் கொண்டுவந்து தருவார். தம்பி அதை அந்த அலுமினிய டம்ளரில்தான் குடித்தான். கோர்வை திரும்ப ஒட்டியது.

எண்பதுகளில் இலங்கையில் கலவரம் வந்து அகதிகள் வந்தபோது, எங்கள் பக்கத்திலும் முகாம் போட்டார்கள். தெரு பழைய பல்லவியை எடுத்தது. அப்போது நான் கல்யாணமாகிப் போளூரில் இருந்தேன். கரைப் பக்கம் உட்கார்ந்தவனுக்குச் சொந்தத் தறி வந்திருந்தது. ஞாயிறுதோறும் அவன் முகாமுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மூக்கு வியர்த்தது. ஊருக்கு வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். "அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தாங்க அக்கா போறேன். இங்க யாரு என்ன குடுத்தாலும் வாங்கிக்கங்க, வாயில வைக்காதீங்கன்னு."

முதலாளி இறந்துபோய், மகன் தலையெடுத்து தறி மருந்து வழக்கத்தையே நிறுத்தியிருந்தார். ஆனால் அந்தக் கிறிஸ்மஸுக்கு நான் வந்திருந்தபோது, அம்மா மத்தியானமெல்லாம் அசந்து தூங்கினாள், ஒரு முனகல் இல்லை. எனக்குப் புத்தி சும்மா இருக்குமா? அவள் எழுந்து போனதும் தலையணையைத் தூக்கினேன். பைபிளுக்குப் பக்கத்தில் வாழைச்சருகுப் பொட்டலம் இருந்தது. பிரித்து முகர்ந்தேன்.

தம்பி வாசற்படியில் நின்றிருந்தான். "நாந்தான்க்கா வாங்கியாறேன்" என்றான். "நிறுத்திப் பாத்தேன். ஒரு வாரம் தூங்காம, ஒடம்பெல்லாம் பிச்சிகினு, எங்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாங்க. பெத்தவங்க கும்பிட்டா நான் இன்னா பண்ணுவேன்? நான் வுட்டேன். அவங்களுக்கு வுடற வயசு இல்ல."

நான் அவன் பக்கத்தில் போய், பழைய வழக்கப்படி அவன் சட்டையை முகர்ந்து பார்த்தேன். நின்று காட்டினான். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. பொட்டலத்தை மடித்து, எடுத்த இடத்திலேயே, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா கொல்லையிலிருந்து வரும் சத்தம் கேட்டதும், தலையணையை அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துச் சரிசெய்தோம்.